மேற்குக் காற்றும் எட்டு ஊன்றுகோல்களும்

மார்ச் 27

பட்டாணி முளைத்துவிட்டது. புறாவும் வந்துவிட்டது.

டோபி மால்ட்பி காலையில் என் வாசலில் வண்டியை நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

"மிஸஸ் தர்ல்பி, நாப்பது ஏக்கர்லயும் பட்டாணி தலை காட்டியாச்சு. மேற்கு ஓரத்த புறா மேய ஆரம்பிச்சிருச்சு. இந்த வருஷமும் வருவீங்கதானே?"

"நாப்பத்தோரு வருஷமா வர்றேன். உங்கப்பாவக் கேளு."

"அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

எனக்குத் தெரியாதா? அடக்கத்துக்குப் போனவள் நான். பெரியவர் மால்ட்பி 1982-இல் வாய்க்கால் பாலத்தின்மேல் நின்று, "ஏவிஸ், இந்த வயல்ல புறா அடிக்கிறது உன் வேலை" என்றார். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. வாய் வார்த்தைதான். அதை வைத்துத்தான் இத்தனை வருடம்.

"மே ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்போம்" என்றான் டோபி. "அதுக்குள்ள புறா அடங்கலன்னா டவுன் துப்பாக்கிக் கிளப்புக்காரங்களுக்கு விட்டுருவேன். அவங்க ஆறு பேர் வர்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மார்ச் 27, எட்டே கால் மணி, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இதை மறக்கப் போவதில்லை.

அந்த வயலும் போனால் எனக்கு என்ன மிச்சம்? மாத்திரை டப்பாவும் டிவியும்.

இதில் இன்னொரு கூத்து, துப்பாக்கியோடு ஒளிந்து உட்காரும் மறைப்புக்கு என்னிடம் கம்பு இல்லை. நவம்பர் புயலில் நான்கு இரும்புக் கம்பும் வாய்க்காலோடு போய்விட்டன. வலை மட்டும் முள்வேலியில் மாட்டித் தப்பியது. வலையைத் தொங்கவிடக் கம்பு வேண்டும். மறைப்பு இல்லாமல் உட்கார்ந்தால் என் நரைத்த தலையைப் பார்த்தே புறா அடுத்த ஊருக்குப் போய்விடும்.

மார்ச் 28

டவுன் கடையில் நான்கு கம்பு எழுபத்தெட்டு பவுண்டு!

"இது இழுத்தா நீளும்மா" என்றான் கடைக்காரன்.

"என் பென்ஷன் இழுத்தாலும் நீளாது" என்றேன்.

பேருந்துக் காசு தண்டம்.

மார்ச் 29

அவரைக்கொடிக்கு வைக்கும் மூங்கில் குச்சியைக் களிமண்ணில் குத்திப் பார்த்தேன். சடக். துடைப்பக்கட்டை இறங்கவே இல்லை. துணிக்கொடியைத் தூக்கிப் பிடிக்கும் கழி இறங்கியது, ஆனால் எட்டடி உயரம். புறாவுக்குக் கொடியேற்றி அழைப்பு விட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அடுப்பெல்லாம் தண்ணீர். கொதித்தால் விசில் ஊத வேண்டிய கெட்டில், பொங்கியிருக்கிறது, ஊதவில்லை. இது இரண்டாவது கெட்டில். முதலாவதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாத்திரக் கடைக்காரன் அதை என் முன்னாலேயே கொதிக்க வைத்து, "நல்லா ஊதுதேம்மா" என்றான், வாய் கூசாமல். பக்கத்தில் நின்ற பெண்ணும் தலையாட்டினாள். கூட்டுக் களவாணிகள்.

மார்ச் 30

கண்டுபிடித்துவிட்டேன்!

என் வீட்டுக்காரர் கிளிஃபின் பழைய கொட்டகையில் கம்பி தேடப் போனேன். கதவுக்குப் பின்னால் என் ஊன்றுகோல் இரண்டும் நிற்கின்றன. இடுப்பெலும்பு மாற்றியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒன்பது வருடம். திருப்பித் தரச் சொன்னார்கள், நானும் தரவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அலுமினியக் குழாய், உள்ளே இன்னொரு குழாய். பொத்தானை அமுக்கினால் நீளும், விட்டால் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

டவுன் கடைக்காரன் எழுபத்தெட்டு பவுண்டுக்கு விற்பதும் இதையேதான்!

ஒன்று மட்டும் போதாது, குட்டை. கைப்பிடியையும் மேல்வளையத்தையும் அறுத்துவிட்டு, ஒன்றின் காலை இன்னொன்றின் தலையில் செருகினால் சரியான உயரம். ஆக ஒரு கம்புக்கு இரண்டு ஊன்றுகோல். நான்கு கம்புக்கு எட்டு. என்னிடம் இரண்டு இருக்கிறது. இந்த ஊரில் இடுப்போ முட்டியோ மாற்றாத வீடு எது? எல்லார் கொட்டகையிலும் ஒரு ஜோடி தூங்கும்.

மார்ச் 31

மூன்று ஜோடி கிடைத்தது. தபால்காரர் வீட்டில் ஒன்று. மீன் வறுவல் கடையில் ஒன்று. மூன்றாவது வேரா வீட்டில். அந்த வாசலில் கால் வைக்கவே கூடாது என்று 2003-இல் முடிவு செய்திருந்தேன். கறிக்கடை வரிசையில் என் பக்கத்தில் நின்றுகொண்டே, நான் வைத்த வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவள். இன்று ஊன்றுகோலுக்காகப் போனேன்.

"ஏவிஸ்! இருபது வருஷமா நீ எங்கிட்ட பேசலியே, நான் என்னடி பண்ணேன்?" என்கிறாள். என்ன நடிப்பு!

அந்த மூன்றாவது ஜோடிக்கு அவ்வளவு அலைந்திருக்க வேண்டாம். மூன்று வீடு தள்ளி, வயலைப் பார்த்த கடைசி வீட்டில், என் தங்கை நெட்டா இருக்கிறாள். போன வருடம் முட்டி மாற்றியவள். அந்தக் கதவை மட்டும் தட்டவில்லை.

1998 பிப்ரவரி 12. கிளிஃபைப் புதைத்த நாள். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நெட்டா நீலக் கோட்டு போட்டிருந்தாள், மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. குழி ஓரத்தில் என் இடது தோளை ஒட்டி வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கூடப் பிறந்தவள்! நான் புருஷனை மண்ணுக்குள் இறக்குகிறேன், "ஏவி" என்று ஒரு சொல் வரவில்லை அவள் வாயிலிருந்து. சுவர் மாதிரி நின்றாள். நானும் சுவராகிவிட்டேன். இருபத்தைந்து வருடம்.

ஏப்ரல் 2

கை எல்லாம் சிராய்ப்பு. கம்பு நான்கும் தயார்.

ரப்பர் காலைப் பிடுங்கிவிட்டு, துடைப்பக்கட்டைத் துண்டைக் குழாய்க்குள் அடித்து, அதில் ஆறங்குல ஆணியைத் தலை அறுத்து இறக்கினேன். மண்ணில் குத்த அது. உச்சியில் வலை மாட்ட, கோட்டு தொங்கவிடும் கம்பியை வளைத்துக் கட்டினேன். இருந்த துளைகள் எனக்குப் போதவில்லை. வாய்க்கால் கரை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அரை அங்குலம் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். கிளிஃபின் துளைக்கருவியை எடுத்துக் கம்புக்குப் பன்னிரண்டு புதுத் துளை போட்டேன். டவுன் கடைக் கம்பில் அது உண்டா? கிடையாது.

பளபளப்பு தெரிந்தால் புறா கிட்ட வராது. சாம்பலையும் சேற்றையும் குழைத்து மேலிருந்து கீழ்வரை பூசிக் காயவைத்தேன். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

செலவு: ஆணி நான்கு.

ஏப்ரல் 3

முப்பத்தொன்று!

இலை அசையவில்லை இன்று. மேற்கு ஓரத்தில் மறைப்பு, முன்னால் பத்து பொம்மைப் புறா. வந்தவை எல்லாம் நேராக இறங்கின. டோபிக்குப் பன்னிரண்டு கொடுத்தேன். "மிஸஸ் தர்ல்பி, நீங்க ஒருத்தரே ஆறு பேருக்குச் சமம்" என்றான். இன்று என்ஜினை அணைத்திருந்தான்.

ஏப்ரல் 5

ஒன்றும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

வருகின்றன. பொம்மைகளைப் பார்த்து இறக்கையை மடக்குகின்றன. ஐம்பது அடி இருக்கும்போது, யாரோ கல்லெறிந்த மாதிரி சிதறிப் போகின்றன. இருபது முறை எண்ணினேன். தொப்பியைக் கழற்றினேன், போட்டேன். முகத்தில் சேறு பூசினேன். மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன்.

அதே இடம். அதே வலை. அதே நான். என்ன மாறியது?

ஏப்ரல் 6

இன்றும் பூஜ்யம். பொம்மைகளைத் திருப்பி வைத்தேன். வலையில் வைக்கோல் செருகினேன். எதற்கும் மசியவில்லை.

ஏப்ரல் 9

ஈஸ்டர். கோயிலுக்குப் போகவில்லை. புறா போயிருக்கும்.

ஏப்ரல் 11

இருபத்து நான்கு! எதையும் மாற்றவில்லை. காற்று கூட அசையாத நாள், நானும் அசையவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் போன வாரம் நான் அசைந்தேனா? எனக்கே தெரியாமலா? நாற்பத்தோரு வருடம் அசையாதவள் இப்போது நடுங்குகிறேனா? கையை நீட்டிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. ஏதோ ஒன்று எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

ஏப்ரல் 13

பிடிபட்டுவிட்டது. நெட்டா!

இன்று நல்ல காற்று. புறா மறுபடி சிதறியது. திரும்பிப் பார்த்தால் வாய்க்கால் கரைமேல் அவள், நாயோடு. தலையைச் சாய்த்துக்கொண்டு என் மறைப்பையே பார்க்கிறாள். போன வாரம் புறா வராத இரண்டு நாளும் அந்தக் கரைமேல் ஓர் உருவம் நின்றது, இப்போதுதான் உறைக்கிறது. அவள் வந்தால் புறா இல்லை. அவள் வராவிட்டால் புறா.

நாயை ஏவிக் கலைக்கிறாளா? நாய் அவள் காலடியில் படுத்திருந்தது. குரைக்கவில்லை. பின்னே எப்படி?

ஏப்ரல் 15

டோபி வந்தான். என்ஜின் ஓடுகிறது.

"மேற்கு ஓரத்துல அரை ஏக்கர் மொட்டையாயிடுச்சுங்க. ஒரு நாள் முப்பது அடிக்கிறீங்க, அடுத்த நாலு நாள் சும்மா உக்காந்திருக்கீங்க. உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. என் தங்கச்சிய உன் கரைமேல ஏற விடாத."

"அது பொதுப் பாதைங்க."

பொதுப் பாதையாம். யார் பக்கம் இவன்?

ஏப்ரல் 18

கதவு இடுக்கு வழியாக ஒரு சீட்டு விழுந்திருக்கிறது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுத்துக்கெல்லாம் சுழி பெரிதாகப் போடுவாள், பள்ளியிலேயே அடி வாங்கியிருக்கிறாள்.

"ஏவி, காத்தடிச்சா உன் கம்பெல்லாம் விசிலடிக்குது. எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. நாய் ஊளையிடுது. துளைய அடை. நெட்டா."

கேலி. இருபத்தைந்து வருடம் வாயைத் திறக்காதவள் முதல் முதலாக எழுதுவது கேலி! நானே அறுத்து நானே துளைத்துச் செய்ததைப் பார்த்துப் பொறுக்கவில்லை.

உடனே வயலுக்குப் போனேன். மேற்குக் காற்று முகத்தில் அறைகிறது. நான்கு கம்புக்கும் நடுவில் நின்று கேட்டேன். கால் மணி நேரம் நின்றேன். வலை படபடக்கிறது. வாய்க்கால் தண்ணீர் சலசலக்கிறது. வேறு ஒரு சத்தம் இல்லை.

பொய்க்காரி. பொய்க்காரி. பொய்க்காரி.

ஆனால் துளை போட்டது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 20

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காற்று. புறா இல்லை. பதினோரு மணிக்கு டோபி வயல் வழியே நடந்து வந்தான். வந்தவன் பாதியில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு காதைப் பொத்திக்கொண்டான்.

"என்னங்க இது சத்தம்?"

"என்ன சத்தம்?"

"இந்த விசில்! பழைய இரும்புக் குழாய்க் கேட்டு காத்துல ஊதுமே, அது மாதிரி. அதவிடக் கீச்சுன்னு."

"உன்னை நெட்டா அனுப்பினாளா?"

"அவங்க எதுக்கு அனுப்பணும்? இங்கதாங்க வருது, உங்க கம்புலேர்ந்து! உங்களுக்குக் கேக்கலையா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பன் முகம் அப்படியே. அந்த முகத்தில் பொய் இருந்தால் தெரியும். இல்லை.

கம்பின்மேல் கையை வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. என் கை இல்லை, கம்பு. டப்பாவுக்குள் அடைத்த தேனீ மாதிரி உள்ளே ஏதோ துடிக்கிறது. ஒரு துளையை விரலால் அடைத்தேன். துடிப்பு மாறியது.

"அங்கதாங்க! இப்பக் கொஞ்சம் கொறஞ்சுது!" என்றான் டோபி.

எனக்கு ஒன்றும் குறையவில்லை. ஒன்றும் இருந்ததே இல்லையே, எதில் குறைவது?

ஏப்ரல் 21

கறுப்பு டேப் இரண்டு சுருள். புதுத் துளை, பழைய துளை எல்லாம் சுற்றினேன். மேல்வாயில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். போய் நட்டேன். அதே மேற்குக் காற்று.

முப்பத்தெட்டு.

சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை.

ஏப்ரல் 22

கெட்டிலைக் கொதிக்க வைத்து முன்னால் உட்கார்ந்தேன். ஆவி சீறி வருகிறது. மூடி குதிக்கிறது. இடது காதைக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. வலது காதைக் கிட்டத்தில், முடி கருகுகிற அளவுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனேன். எங்கோ ஒரு கொசு. பேச்சு கேட்கிற காதுக்கும் கீச்சொலி எட்டவில்லை.

ஊதுகிறது. கெட்டில் ஊதுகிறது. முதல் கெட்டிலும் ஊதியிருக்கும்.

பன்னிரண்டு வயதிலிருந்து வலது தோளில் துப்பாக்கி. வலது காது தோளோடு ஒட்டித் தப்பிக்கும். வெடி முழுவதும் இடது காதுக்கு. கிளிஃபும் அப்படித்தான், கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்புவார். அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன் நான்.

அப்படியானால் வேரா? கறிக்கடை வரிசையில் எந்தப் பக்கம் நின்றாள்? கண்ணை மூடினால் அவள் கூடை தெரிகிறது, கூடையில் லீக் கீரை தெரிகிறது. இடது பக்கம். 2009-இல் பாதிரியார் கோயில் கதவருகே கை கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இடது பக்கம். 2011, மருந்துக்கடைக்காரி...

எல்லாம் ஞாபகம் இருக்கிறது எனக்கு. யார் எந்த நாள் என்ன உடுத்தி நின்றார்கள், எந்தப் பொத்தான் இல்லை, எல்லாம். கேட்டதை மறந்தவள் இல்லை நான். ஆனால் கேட்காததை எப்படி ஞாபகம் வைப்பது? அது என்னிடம் எங்கே இருக்கும்?

குழி ஓரத்தில் நெட்டா. இடது தோள். அன்றைக்கும் காற்று.

என்னடி சொன்ன நீ?

ஏப்ரல் 23

போகவில்லை.

ஏப்ரல் 24

கோட்டைப் போட்டேன், கழற்றினேன்.

ஏப்ரல் 25

போனேன்.

கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிழடாகிவிட்டாள். தூரத்திலிருந்து தெரியவில்லை.

"டேப் ஒட்டிட்டியா? நாய் நேத்து நிம்மதியாத் தூங்குச்சு" என்றாள்.

நான் உள்ளே போய் அவள் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து மறுபக்கம் உட்கார்ந்தேன், அவள் என் வலது காதுக்கு வருகிற மாதிரி. தேநீர் ஊற்றினாள். நான் குடிக்கவில்லை.

"கிளிஃபப் பொதச்ச அன்னைக்கு என்ன சொன்ன?"

"எப்ப?"

"தொண்ணூத்தெட்டு, பிப்ரவரி பன்னெண்டு. நீலக் கோட்டு. ரெண்டாவது பொத்தான் இல்ல. எம் பக்கத்துல வந்து நின்னியே."

"நின்னேன்."

"ஏதாவது சொன்னியா?"

கோப்பையைக் கீழே வைத்தாள். "சொன்னியாவா? அடிப்பாவி! அந்தக் காத்துல நின்னு உங்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தேன்டி. நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. கல்லு மாதிரி நின்ன. அப்புறம் பேசிட்டு இருக்கும்போதே விறுவிறுன்னு நடந்து போயிட்ட, ஊரே பாக்க. வீட்டுக்கு வந்து மூணு நாள் அழுதேன். இவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னு."

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குக் கேக்கல, நெட்டா."

"என்ன?"

"கேக்கல. எடது காது. விசிலும் கேக்கல, நீயும் கேக்கல."

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பேசவில்லையா என்று உறுதி செய்துகொள்ள அவள் உதட்டைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"சரி, இப்பச் சொல்லு" என்றேன். "அன்னைக்கு என்ன சொன்ன?"

யோசித்தாள். நெற்றியைத் தேய்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"மறந்துட்டேன்டி, ஏவி. இருபத்தஞ்சு வருஷம். நீ திரும்பாம போனதுதான் ஞாபகம் இருக்கு. என்ன சொன்னேங்கறது சுத்தமாப் போயிடுச்சு."

இந்தக் குடும்பத்தில் எதையும் மறக்காதவள் நான். எனக்கு அது கேட்கவில்லை. அந்தச் சொல்லை வைத்திருந்த நெட்டாவோ மறந்துவிட்டாள். அது இப்போது யாரிடமும் இல்லை. யார்மேல் கோபப்படுவது? தேடிப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை.

தேநீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. புறப்படும்போது அவள் கொட்டகையைத் திறந்து, போன வருடத்து ஊன்றுகோல் ஜோடியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"என் முட்டிக்கு இனி வேண்டாம். கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன்ல?"

ஏப்ரல் 28

மூன்று நாளில் எழுபத்தாறு. வயல் பச்சை பிடிக்கிறது.

மே 1

டோபி. என்ஜினை அணைத்தான். இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றான். யார் சொன்னார்களோ.

"ஜூலைல பட்டாணி அறுக்கிற வரைக்கும் வயல் உங்களுதுதான். கிளப்புக்காரங்ககிட்டச் சொல்லிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும்தாங்க."

வாய் வார்த்தைதான். காதில் விழுந்தது. போதும்.

மே 2

வேராவுக்கு இரண்டு புறா உரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

மே 4

நெட்டாவின் ஜோடியை அறுத்து ஐந்தாவது கம்பு செய்தேன். புதுத் துளை போடவில்லை. இருந்ததையும் அடைத்தேன். மறைப்பு இப்போது இரண்டு முக்காலி போடுகிற அகலம்.

மே 6

நெட்டா வலது பக்கத்து முக்காலியில். தேநீர்க் குடுவை, அவித்த முட்டை, நாய். ஒன்பது மணிக்குப் பேச ஆரம்பித்தவள் ஒரு மணி வரை நிறுத்தவில்லை. முட்டி மாற்றியது, மருமகளின் சமையல், அம்மா வைத்திருந்த மஞ்சள் ஜாடி எங்கே போனது, என் கம்பு எவ்வளவு கோணல். வந்த புறா எல்லாம் அவள் குரலைக் கேட்டு வேலிக்கு அப்பாலேயே திரும்பிவிட்டன.

ஒன்றுகூட அடிக்கவில்லை. டோபியிடம் மேற்குக் காற்று என்று சொல்லிவிட்டேன்.